வாசலுக்கு வரும் யானைகள்

11 ஏப்ரல் 1988, திங்கள்

மழை. மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனுக்கு ரயில் இருபது நிமிடம் பிந்தி வந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கென்யா சஃபாரி புரோஷர்களை மடித்து உறைகளில் போட்டேன். அட்டையில் மரக்கிளையில் படுத்திருக்கும் ஒரு சிறுத்தை. ஜூனில் பன்னிரண்டு பேரையாவது அனுப்பவேண்டும் என்கிறார் கிரஹாம். இந்த டிரவல் ஏஜென்சிக்கு அவர்தான் முதலாளி. என் வேலை பெர்மிட் ஓகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்க அவருடைய கடிதம் வேண்டும்.

முதலில் பெயர் கொடுத்தவர் எங்கள் தெரு மிஸிஸ் டௌனி. தங்கையையும் கூட்டிப் போகிறார். ஒரு பை பீஜோவாப் பழத்தை என் மேசையில் வைத்து, “நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சிங்கத்தைக் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும்” என்றார்.

14 ஏப்ரல், வியாழன்

புஷ்பவதி அக்காவின் கடிதம் வந்திருக்கிறது. கென்யாவில், நாங்கள் ஆட்களை அனுப்பும் அதே விலங்கு ரிசேர்வுக்குப் பக்கத்து ஊரில்தான் அத்தான் கணக்கு வாத்தியார்.

“யானையள் பின்னேரத்திலை லொட்ஜ் வாசலுக்கே வந்து நிக்குதுகள். வந்த ஆக்களுக்குச் சரியான புளுகம், சந்தோசத்திலை துள்ளினம். அதுகள் ஏன் வருகுதெண்டு ஒருத்தரும் அவையளுக்குச் சொல்லுறேல்லை. காட்டுக்குள்ளை துவக்கோடை ஆக்கள் நிக்கிறாங்கள், தந்தத்துக்காக. போன கிழமை மேற்கு றோட்டுக் கரையிலை ஒன்பது யானை கிடந்ததை அத்தான் கண்டவர். முகத்தையே வெட்டி எடுத்திருக்கு.”

கடிதத்தில் என்ன புதினம் என்று கிரஹாம் கேட்டார். யானைகள் வாசலுக்கு வருவதை மட்டும் சொன்னேன். மற்றதை ஏன் சொல்லவில்லை? உடனே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

22 ஏப்ரல், வெள்ளி

புரோஷரில் புதிய வரி: ‘யானைகள் உங்கள் வாசலுக்கே வரும்.’

3 மே, செவ்வாய்

அக்காவிடமிருந்து இன்னொரு கடிதம். ஏப்ரல் 18 என்று திகதி போட்டிருக்கிறாள். மேற்கு றோட்டில் ஒரு சஃபாரி வான் வண்டிக்குச் சுட்டிருக்கிறார்கள். டிரைவருக்குக் காலில் காயம். “லொட்ஜ்காரர் மூடி மறைக்கினம். உன்ரை ஆக்களை உந்த றோட்டாலை அனுப்பாதை.”

எங்கள் ஆட்கள் ரிசேர்வுக்குள் போவதே அந்த றோட்டால்தான்.

கிரஹாமுக்கு வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “உன் அக்கா நாலு பேர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறாள். லொட்ஜ் ஒன்றும் அறிவிக்கவில்லையே. வெளியில் சொல்லாதே, நாயகி.” கதவுவரை போனவர் திரும்பி, “உன் பெர்மிட் கடிதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்றார்.

அது ஆறுதலா, மிரட்டலா?

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். இரத்தினசிங்கம் சோற்றுக்கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. “உமக்கேன் உந்த வேலை? ஊரிலை எங்கடை கோண்டாவில் வீட்டுக்கு முன்னாலை இந்தியன் ஆமி சென்றிக் காவல் போட்டு நிக்கிறான். பெர்மிட் இல்லாட்டி எங்கை போறது?”

பிழையில்லை. அவர் சொல்வதும் பிழையில்லை.

4 மே, புதன்

மிஸிஸ் டௌனியை ஸ்டேஷனில் கண்டேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். என் மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டார். “முழங்கால் வலி, போகமுடியாது என்று கிரஹாமிடம் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் வராது” என்றார்.

நிம்மதி. இரண்டு பேரையாவது —

19 மே, வியாழன்

அந்த இரண்டு இடமும் விற்றுப்போய்விட்டது. ஆன்ட்ரூ, ஜூலி. மாஸி என்ற புறநகரில் இருக்கிறார்கள், கலியாணம் முடிந்து மூன்று வாரம். “உண்மையாகவே யானை வாசலுக்கு வருமா?” என்று அந்தப் பிள்ளை கேட்டது. கிரஹாம் என் கதிரையில் கைவைத்தபடி பின்னால் நின்றார்.

“வரும்” என்றேன்.

டிக்கெட்டுகளை எழுதியதும் நான்தான். பெயர்களில் ஓர் எழுத்துப் பிழை இல்லை.

மிஸிஸ் டௌனிக்குச் சொல்ல வாய் வந்தது, இவர்களுக்கு வரவில்லையே. பழம் தந்தவர் என்பதாலா? மற்றப் பத்துப் பேர்?

20 மே, வெள்ளி

கிரஹாம் மத்தியானம் வெளியே போனார். ஜூலியின் நம்பரை ஃபைலிலிருந்து எடுத்து டயல் பண்ணினேன். நாலு தரம் மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

9 ஜூன், வியாழன்

போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர்.

20 ஜூன், திங்கள்

டெலெக்ஸ் மெஷினில் செய்தி வந்தது. நான்தான் கிழித்தெடுத்தேன்.

மேற்கு றோட். இரண்டாவது வான். ஆன்ட்ரூ அந்த இடத்திலேயே. ஜூலி நைரோபி ஆஸ்பத்திரியில், தோளில் சூட்டுக்காயம்.

கிரஹாம் கதிரையில் இருந்துவிட்டார். “இப்படி நடக்குமென்று யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியும்?” என்று இரண்டு தரம் கேட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியுமே. ஐயோ, எனக்கு எல்லாம் தெரியுமே! இன்னும் ஒரு தரம் மணி அடிக்க விட்டிருந்தா எடுத்திருப்பாளோ? ஏன் வைச்சனான்? ஆருக்குப் பயந்து வைச்சனான்?

24 ஜூன், வெள்ளி

தெருவில் மிஸிஸ் டௌனி. அழுதிருக்கிறார். “எங்கள் இடத்தில்தானே போனார்கள்?” என்றார். தலையாட்டினேன்.

11 ஜூலை, திங்கள்

ஜூலியின் தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார். கனத்த மனிதர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. போகுமுன் இங்கே யாருக்காவது ஏதாவது தெரிந்திருந்ததா என்று மட்டும் கேட்டார்.

“ஒருவருக்கும் தெரியாது” என்றார் கிரஹாம்.

என் பெர்மிட் கடிதம் டைப் அடித்தபடி அவர் மேசையில் கிடந்தது. இன்னும் கையெழுத்து இல்லை.

ஜூலியின் தகப்பனுக்கு லிப்ட்வரை வழிகாட்டப் போனேன். கதவு திறந்தது. அவர் உள்ளே போகக் கால் வைத்தபோது, “எனக்குத் தெரியும்” என்றேன். அக்காவின் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கேயே நின்று வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இது உனக்கு எப்போது கிடைத்தது?”

“மே மூன்று.”

“என் மகள் எப்போது டிக்கெட் எடுத்தாள்?”

“மே பத்தொன்பது.”

லிப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் வெளியிலேயே நின்றோம்.

22 ஜூலை, வெள்ளி

காலையில் ரயில் பிடிக்கத் தேவையில்லை. வேலை போய்ப் பத்து நாள்; பெர்மிட் கடிதத்தில் கையெழுத்து விழவேயில்லை.

ஜூலியின் தகப்பன் போன் பண்ணினார். வழக்கறிஞரிடம் அக்காவின் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தாகிவிட்டது. செப்டம்பரில் போக இருந்த பதினொரு பேரின் பயணத்தையும் ஏஜென்சி நிறுத்திவிட்டதாம். மகள் அடுத்த கிழமை வருகிறாள் என்றார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

இவர் வேலையால் வரும்போது நாலு வெறும் அப்பிள் பெட்டிகள் கொண்டுவந்தார். நடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, “முதல்லை கனமான சாமானை வையும்” என்றார்.