மாமி ஏற்றும் பெற்றரி

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை

ஃபஹ்மியாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வெயிலில் நின்று வேலை செய்யும் உங்கள் உடம்பை அல்லாஹ் பார்த்துக்கொள்வானாக. லாபிர் நானா கட்டாருக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் போன் எடுக்கும்போதெல்லாம் மாமி என் பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன்.

உங்கள் தம்பி றிம்ஸானைத் தேடுகிறோம் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவனும் தோமஸ் அண்ணனும் போன போட் காலையில் கரைக்குத் திரும்பவில்லை. கச்சான் காற்று மின்கம்பங்களைச் சாய்த்திருந்ததால் கரண்டும் இல்லை. பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களைப் படம் பிடிக்க நீங்கள் வைத்திருந்த ட்ரோனை மாமி தூக்கிக்கொண்டு வந்தார். அதன் சார்ஜர் உப்புப் பிடித்து முன்பே செத்துவிட்டது என்றேன். “என்ட மகன்கிட்ட இதெல்லாம் பழகினாய்தானே, எப்பிடியாவது பறக்க விடு” என்றார்.

பக்கத்து வீட்டு ஜபார் தன் ஆட்டோ பெற்றரியைக் கழற்றித் தந்தார். உங்கள் மேசை லாச்சியில் வோல்டேஜைக் குறைக்கும் சின்னப் பலகை கிடந்தது. வயரை ஒட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து அதன் திருகாணியைத் திருப்பினேன். அளவு மீறினால் வீங்கித் தீப்பிடிக்கும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால், ட்ரோன் பெற்றரிகளை மணல் போட்ட சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றினேன். ஒன்று வீங்கியது. இழுத்து முற்றத்தில் எறிந்தேன், அங்கேயே எரிந்தது. விரல் கொஞ்சம் வெந்தது, இப்போது ஆறிவிட்டது. மற்றது ஏறியது.

அதை வைத்துத்தான் தோமஸ் அண்ணனைக் கண்டோம். கவிழ்ந்த போட்டைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். “மற்றவன் அந்தப் பக்கம் இருப்பான், சுத்திப் பாரு” என்றார் மாமி. பெற்றரி இறங்கும்வரை சுற்றினேன். ஜபார் ஆட்கள் போய் அவரை மட்டும் கொண்டுவந்தார்கள்.

உடம்பு தேறியதும் தோமஸ் அண்ணன் வந்து மாமியின் காலடியில் இருந்தார். “விடியிறதுக்கு முதல் அவன்ட கை விட்டுப்போச்சு உம்மா” என்று அழுதார். மாமி அழவில்லை. “விட்டதெண்டா நீந்தியிருப்பான்” என்றார்.

இப்போது கரண்ட் வந்துவிட்டது, வேறு சார்ஜர் வாங்கலாம். ஆனாலும் மாமி நான் கட்டிய சார்ஜரைத்தான் நம்புகிறார். சுபஹ் தொழுதுவிட்டு அவரே வயரைக் கொழுவி, சட்டிக்குப் பக்கத்தில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு இருக்கிறார். ஏறியதும் கடற்கரைக்குப் போகிறோம். சில நாள் எத்தாளைவரை நடக்கிறோம். திரையில் வெறும் தண்ணீர். “இன்னம் ஒரு தரம் மகள்” என்கிறார். மற்றப் போட்டுக்காரர்கள் எங்களைக் கண்டால் குனிந்து வலையைப் பார்க்கிறார்கள்.

பள்ளிவாசல் இமாம் வந்து, உடல் கிடைக்காவிட்டாலும் றிம்ஸானுக்கு ஜனாஸாத் தொழுகை தொழலாம், தொழவைக்கவா என்று மெல்லக் கேட்டார். மாமி எழும்பிப் போய் வயரைக் கொழுவினார்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. கண்ணை மூடினாலும் கடல் அசைகிறது. ஃபஹ்மியா கடலை மேலிருந்து பார்ப்பதுபோலப் படம் கீறுகிறாள் என்று டீச்சர் சொன்னார். திருகாணியைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் அந்தப் பெற்றரியும் வீங்கிவிடும், எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாள் கை அதுவரை போனது. மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

லீவு தராவிட்டாலும் வாருங்கள். “தொழுவோம் உம்மா” என்று அவரிடம் சொல்லக்கூடிய பிள்ளை இனி நீங்கள் ஒருவர்தான்.

வரும் வழியில் ஒரு குறையும் வராமல் ரப்பு உங்களைக் காப்பானாக. நீங்கள் வந்து சேரும்வரை அந்தப் பெற்றரி கெடாமல் இருக்கவும் துஆச் செய்யுங்கள்.

உங்கள்
நிஸ்ரின்