ரதி வேசத்துப் படம்

மச்சான்,

இன்றைக்குச் சாயங்காலம் காமன் கூத்துப் பெட்டியைத் திறந்தார்கள். அரிதார வாசனை லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரைக்கும் வந்தது. இந்த வருசத்து ரதிக்கு உன்னுடைய பச்சைச் சேலையைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போகாமல் வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது.

பதினோரு வருசம், மாசி மாதக் கூத்தில் நீ ரதி, நான் மன்மதன். வேசம் போட்டு முடித்ததும் உன் சம்சாரமே உன்னைப் பார்த்து வெட்கப்படும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் ஆடி, திருநீறு கொடுத்து, "நல்லா இருங்க சாமி" என்று சொல்வாய். கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு அடி தவறும். "ஆளுங்களப் பாக்காத, என் மூஞ்சியப் பாருடா" என்பாய். அப்படித்தான் பதினோரு வருசமும் ஆடினேன்.

பிறகு தொண்டை வலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கிருந்து மொனராகலைக்கு, மகள் வீட்டுக்கு. பஸ் ஏறி வந்து பார்க்கிறேன் என்றேன், வரவில்லை. உன்னிடம் அப்போது போனும் இல்லை.

அந்த நேரத்தில்தான் நம்ம தேயிலைத் தோட்டத்து முகநூல் குழுவை என் தலையில் கட்டினார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது என் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் தாராளமாக வருகிறது, எல்லாருக்கும் நன்றி என்று இருபது முப்பது பேர் எழுத ஆரம்பித்தார்கள். பேரெல்லாம் நம்ம பேர்கள்தான். அதில் ஒருத்தி கொழுந்து எடுக்கிற மாதிரி படம் போட்டிருந்தாள். கூடைக் கயிறு தலையில் இல்லை, தோளில் தொங்கியது. மலைக்குப் போன எந்தப் பொம்பளையும் அப்படி மாட்டமாட்டாள். முகம், எழுத்து எல்லாமே செயற்கை நுண்ணறிவு செய்தது, அப்படி ஆளே கிடையாது என்று பண்டாரவளையில் படிக்கிற பிள்ளைகள் சொன்னார்கள். அன்றோடு நிம்மதி போனது. வெளிநாட்டில் இருக்கிற சொந்த அக்கா வாழ்த்துப் போட்டாலும், இது அக்காதானா என்று யோசிக்க வேண்டியிருந்தது. தினமும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு எனக்குச் சலித்தே போய்விட்டது.

அப்போதுதான் நீ வந்தாய். உன் பேர், ரதி வேசத்தில் உன் படம். யாரோ ஸ்டூடியோக்காரன் அதில் ஒரு மரு, ஒரு சுருக்கம் விடாமல் வழித்துவிட்டிருந்தான். சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அறுபது படங்களுக்குக் கீழே "நல்லா இருங்க சாமி" என்று எழுதினாய். கல்யாண வீட்டுக்கும் அதே, செத்த வீட்டுக்கும் அதே. போலிக் கணக்குக்காரர்கள் கூத்து வீடியோவைப் பார்த்து அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். போலி, தூக்குங்க என்று குழு முழுக்கச் சத்தம்.

தனியாக எழுதிக் கேட்டேன். நான்தான் என்றாய். பேசச் சொன்னேன். நீ அனுப்பிய குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் தகரம் மாதிரி இருந்தது. வீடியோவில் வரச் சொன்னேன், வேண்டாம் என்றாய். அப்படியென்றால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல் என்றேன்.

"அஞ்சாவது வருசம் மேல் டிவிசன்ல நீ பாட்ட மறந்துட்ட. ஒன் பாட்டையும் சேத்து நாந்தான் பாடினேன். தப்படிக்கிற அண்ணனத் தவிர யாருக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானா, பாட்டை மறந்தேனா? பொய்க்கும் ஒரு அளவு வேண்டும் என்று எழுதிவிட்டு உன்னை நீக்கினேன். அண்ணன் வீடு இரண்டு லயம் தள்ளித்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாலு மாதம் கழித்து உன் மகள் போன் பண்ணினாள், நீ போய்விட்டாய் என்று. அண்ணனையும் கூட்டிக்கொண்டு மொனராகலைக்குப் போனேன். உன் கழுத்தில் துணி சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். ஆபரேசனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். கழுத்தில் வைத்துப் பேசுகிற மெசின் ஒன்று தலைமாட்டில் கிடந்தது. அந்தக் கழுத்தை யாருக்கும் காட்டமாட்டாயாம். "ஒங்க குரூப்புக்காகத்தான் மாமா அப்பா போன் வாங்கித் தரச் சொன்னாரு," என்றாள் மகள். "நீங்க நீக்கினப்புறம் அவரு அதத் தொடவே இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணனிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "மறந்தது நெசந்தான். ஒனக்கு அன்னைக்குக் காய்ச்சல். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வாய மட்டும் அசைச்ச."

என்னை மன்னித்துவிடு மச்சான். இதை நீ இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

மகளிடம் சொல்லி உன் போனிலிருந்து திரும்பவும் விண்ணப்பம் போடவைத்து உன்னைச் சேர்த்தேன். போன வாரம் பிள்ளைகள் கேட்டார்கள், அந்த ரதி ஒன்றும் எழுதுவதில்லை, முகமும் கம்ப்யூட்டர் முகம், தூக்கிவிடலாமா என்று. அது ஆள், என் பாட்டையும் சேர்த்துப் பாடின ஆள் என்று எழுதினேன். நான் பாட்டை மறந்த கதையையும் உன்னை நீக்கின கதையையும் முதல் தடவையாக எல்லாருக்கும் சொன்னேன்.

கீழே ஒருத்தர் கேட்டிருக்கிறார், இதை எழுதுவது உண்மையிலேயே நீங்கள்தானா என்று.

இன்னும் பதில் போடவில்லை. உன் படத்தைத் திறந்து வைத்து, உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.