ஆம்ப்ரோஸ் டக்கெட்டின் பந்து வீச்சு

டாண்டன், சாமர்செட்
18 மார்ச் 1917

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நலமே. நீயும் அப்படியே இருக்க வேண்டும். பட்டாளத்தில் என்னை மறுபடியும் வேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டர் என் விரல்களைப் பார்த்து, “என்னய்யா, வண்டி ஏறிடுச்சா?” என்றார். “இல்லைங்க, டக்கெட் போட்ட பந்தைப் பிடிச்ச விரல்” என்றேன்.

நம் மைதானத்தில் இப்போது பட்டாளக் குதிரைகள். நடுவிலிருக்கும் ஆடுகளத்தை மட்டும் கயிறு கட்டிக் காப்பாற்றுகிறோம்.

நேற்று லெட்டிஸ் வந்திருந்தாள். போர்முனைக்குப் பின்னால் கைக்குண்டு எறியப் பழக்கும் வேலைக்கு உன்னைக் கேட்டார்களாமே? “கட்டின பெண்டாட்டி சொல்லி அவர் கேக்கலை. நீங்க சொல்லுங்க சைலஸ்” என்றாள். சொல்லிவிட்டேன். போய்த் தொலையேன்டா அந்த வேலைக்கு.

உன் விக்கெட் கீப்பர்,
சைலஸ் பிம்

பிரான்ஸ்
2 ஏப்ரல் 1917

அன்பு சைலஸ்,

உன் கடிதமும் லெட்டிஸின் கேக்கும் சேர்ந்து வந்தன. கேக் தூளாகிவிட்டது. கரண்டியால் தின்றோம்.

மாவட்ட அணியில் ஆடியவன் என்பதால்தான் என்னைக் குண்டு எறிபவர்களுக்குத் தலைவனாக்கினார்கள். “உனக்கென்னப்பா, பந்து மாதிரிதானே” என்கிறார் அதிகாரி. பந்தை வீசினால் அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். இங்கே எறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

கென்ட் அணியை ஜெயித்த அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? புல்லை உரசாத குறையாகத் தாழ்ந்து வந்த கடைசி கேட்ச்சை நீ பிடித்தாய். காலணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தோம். ஆப்பிள் மதுவை ஊற்றிய கடைக்காரர் காசு வாங்கவே இல்லை.

லெட்டிஸ் கேட்பது நியாயம்தான். ஆனால் ரொட்டிக்கடை ஹூப்பர் என்னோடு இருக்கிறான். அவன் எறிந்தால் குண்டு எங்கள் காலடியிலேயே விழுகிறது. நான் போனால் என் இடத்தில் அவன் நிற்க வேண்டும். அவன் கை கொஞ்சம் தேறட்டும்.

ஆம்ப்ரோஸ்

டாண்டன்
10 ஜூன் 1917

ஆம்ப்ரோஸ்,

போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தந்தி செவ்வாயன்றே வந்துவிட்டது. “ஹூப்பர் தேறிவிட்டான். வேலைக்குச் சம்மதித்துவிட்டேன், திங்களன்று கிளம்புகிறேன், லெட்டிஸிடம் சொல்” என்று எழுதியிருந்தாய். அந்தத் திங்களுக்கு முந்தின நாள் காலையில் நீ போய்விட்டாய். ஹூப்பர் பிழைத்துக்கொண்டான்.

கடிதத்தை லெட்டிஸிடம் கொடுத்தேன். “நீங்களே படிங்க” என்றாள். படித்தேன். “சம்மதிச்சுட்டேன்னு வர்ற இடத்தை இன்னொரு தரம்” என்றாள். அதையும் படித்தேன். கேட்டுவிட்டு, தேநீர்க் கேத்தலை அடுப்பில் வைக்கப் போனாள்.

நேற்று குதிரைகளை ஓரங்கட்டிவிட்டு, காயம்பட்டவர்களுக்காக ஓர் ஆட்டம் ஆடினோம். ஆற்றுப்பக்கம் நீ வீசும் முனையிலிருந்து யார் போடுவது என்று கேப்டன் கேட்டார். நான் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பந்தை வாங்கினேன். இந்த விரல்களில் பந்து நிற்குமா? முதல் பந்து நடுவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது.

அப்போது வேலியோரம் ஒருத்தி மட்டும் சிரித்தாள். லெட்டிஸ். சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மீதிப் பந்துகளையும் வீசினேன்.

சைலஸ்