யாரிடம் ஒப்படைக்கப்பட்டார்

ஜூலை 9, வியாழன். ஸ்ரீரங்கம்.

காப்பகப் பெண்களை யார் காப்பாற்றுவது என்று எழுதியிருந்த ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை இன்று கிழித்துப் போட்டுவிட்டேன். நெறியாளர் கத்தினால் கத்தட்டும்.

ஒரு வாரமாகப் பெண்கள் காப்பகத்தின் பழைய பதிவேடுகளைப் படிக்கிறேன். வெளியேறுகிறவர்களுக்கு ‘யாரிடம் ஒப்படைக்கப்பட்டார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கணவர், தகப்பனார், அண்ணன் என்றே பக்கம் பக்கமாகப் போகிறது.

இன்று பாலக்கரை மும்தாஜ் காப்பகத்தை விட்டுக் கிளம்பினார். கணவன் உடைத்த கை கூடிவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடையில் வேலையும், தங்க ஓர் அறையும் கிடைத்திருக்கின்றன.

“கூட்டிட்டுப் போக யாரு வந்திருக்காங்க?” என்று வார்டன் கேட்டார்.

“யாரும் வரலைங்க. நானேதான் போறேன்.”

“கட்டத்தைக் காலியா விட முடியாதும்மா, ஆபீஸ்ல கேப்பாங்க.” வார்டன் என் பக்கம் திரும்பினார். “நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்.”

உதவி என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா நான் என்ன பார்சலா?” என்று மும்தாஜ் பேனாவை வாங்கிக்கொண்டார். கட்டத்தில் தன் பெயரையே எழுதினார்.

“உறவுமுறைன்னு இன்னொரு கட்டம் இருக்கேம்மா,” என்றார் வார்டன்.

மும்தாஜ் அதில் ‘நானே’ என்று எழுதி, பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.