வடகோட்டை ராஜாவின் கள்ளாட்டம்

மார்ச் 3

தம்பிக்கு,

உன் அத்தானுக்குக் கால் எலும்பு கூடிவிட்டது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறார். நல்ல சேதி இவ்வளவுதான்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், கடைசியில் "சரி விடுடா" என்று நானே சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிவந்திருக்கும் நம் கம்ப்யூட்டர் விளையாட்டை ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்தேன். கோட்டை, குதிரைப்படை, முற்றுகை எல்லாம் உன் ஆட்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஆனால் ஆடுகிறவருக்கு எதிரே கம்ப்யூட்டர் நடத்தும் அந்த வடகோட்டை ராஜா என் வேலை. அவன் எப்படி யோசிக்க வேண்டும் என்று மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியவள் நான். அவனுக்கு நான் வைத்த கட்டுப்பாடு உனக்கு மனப்பாடம். தன் ஒற்றன் கண்டதை மட்டும்தான் அவன் காண வேண்டும். தன் களஞ்சியத்தில் இருப்பதைத்தான் அவன் படை தின்ன வேண்டும். கொடுத்த வாக்கை மீறவே கூடாது.

நான் குதிரைகளைக் காட்டு வழியாக அனுப்பினேன். அந்தப் பக்கம் அவனுக்கு ஒற்றனே கிடையாது. ஆனாலும் ஈட்டிக்காரர்களை வரிசையாக நிறுத்திவைத்துக் காத்திருந்தான். அவன் களஞ்சியத்தைக் கொளுத்தினேன். பட்டினி கிடக்க வேண்டிய படை, கொஞ்ச நேரத்தில் இரண்டு மடங்காகி மதிலில் நின்றது. குளிர்காலம் முடியும்வரை சண்டை இல்லை என்று ஒப்பந்தம் போட்டோம். அதை நம்பி வேறு திசையில் போன என் படை ஆற்றைத் தாண்டியதுமே என் கோட்டைக்குத் தீ வைத்தான்.

அது என் ராஜா இல்லை. கள்ளன். யாரோ அவன் தலைக்குள் கை விட்டிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உன் பேட்டியை அத்தான் போட்டுக் காட்டினார். "கம்ப்யூட்டர் ஏமாத்துதுன்னு எல்லாரும் திட்டுறாங்களே?" என்று கேட்கிறார்கள். நீ சிரித்துக்கொண்டே, "ராஜா முழுக்க எங்க அக்கா வேலைங்க. அவங்க கொஞ்சம் கறார். அவங்களையே கேளுங்க" என்கிறாய்.

மாற்றியது யார்? எனக்குப் பதில் வேண்டும்.

அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மூச்சு விட்டுக்கொள். அத்தான் நடக்கிறார் என்று படித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கை தட்டினேன்.

மாற்றச் சொன்னது நான்தான். வேறு யார்?

உன் ராஜா பரம சாது, அக்கா. நம் சோடாபுட்டியிடம் கொடுத்தேன். அவன் தெரியுமில்லையா, கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற பையன். டீ ஆறுவதற்குள் ராஜாவைக் கட்டிப்போட்டுவிட்டான். "என்ன சார், இந்த ஆளு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடுறான்" என்றான். வெளியிடும் தேதி நெருங்கிவிட்டது. நீ அத்தானோடு ஆஸ்பத்திரியில். போன் அடித்தால் எடுக்கவில்லை. நான் என்ன பண்ணட்டும்?

இந்தத் தொழிலில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆடுகிறவனுக்கு நியாயம் வேண்டாம், பயம் வேண்டும். பேட்டியில் திடீரென்று கேட்டார்கள், வாய் தவறிவிட்டது. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

கள்ளாட்டம் பற்றி நீ பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்ன வயதில் சதுரங்கத்தில் உன்னை ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் கல்யாணத்தில், பெண் வீட்டார் முன்னால், "பாவம், நான்தான் எப்பவும் தோத்துக் குடுப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அம்மா விசாரித்தாள். இதையெல்லாம் அவள் காதில் போடாதே.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கல்யாணத்தில் நான் சொன்னது உன்னைச் சுட்டிருக்கிறது. சுட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அதையும் இதையும் ஒன்றாகக் கட்டாதே. ஆறு வயதுப் பையன் அழக்கூடாது என்று நான் தோற்றேன். நீ ஊரையே தோற்கடிக்கக் கள்ளத்தனம் செய்துவிட்டு, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "ஏமாற்றாத எதிரி" என்று அச்சடித்து விற்கிறாய்! அந்த மூன்று வருஷ உழைப்பைக் காட்டித்தானே விற்கிறாய்?

என் ராஜா சாதுவா? அவன் முதலில் தோற்பான். தோற்கத்தான் எழுதினேன். காட்டு வழியாக ஒரு தடவை அடி வாங்கினால், அடுத்த தடவை காட்டில் ஒற்றனை வைப்பான். பொய்யாகப் பின்வாங்கி அவனை இழுத்தால், மறுமுறை மதிலை விட்டு இறங்கமாட்டான். ஆடுகிறவரின் கெட்டிக்காரத்தனத்தை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டு, அதை வைத்தே அவரை மடக்குவான். சோடாபுட்டி அவனோடு எத்தனை தடவை ஆடினான்? ஐந்தாவது ஆட்டம் என்ன ஆயிற்று? கேட்டு எழுது.

இங்கே என் நிலைமை தெரியுமா? யார் யாரோ கண்டபடி எழுதி அனுப்புகிறார்கள். அத்தானுக்குக் காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "நீங்களா மேடம் அந்த ராஜாவை எழுதுனது? என் தம்பி ரிமோட்டைத் தூக்கி அடிச்சுட்டான். வாக்கு குடுத்துட்டு முதுகுல குத்துறானாமே" என்றாள். அத்தான் வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தம்பி செய்தான் என்று ஒரு வெளியாளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

உனக்கு எழுந்ததே, எப்படி?

மாற்றியது நீ என்று இந்த மாதத்துக்குள் நீயே சொல். இல்லையென்றால் நான் சொல்வேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

மிரட்டுகிறாயா?

கேட்டாயே, சொல்கிறேன். சோடாபுட்டி விடாமல் ஆடினான். ஐந்தாவது ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினான். ஆறாவதில் தட்டுத் தடுமாறி ஜெயித்தான். அப்புறம் வேலையே செய்யாமல் எல்லாரையும் கூப்பிட்டு, "அந்தாளு என்னை ஞாபகம் வச்சிருக்கான் சார்!" என்று புலம்பிக்கொண்டிருந்தான். உன் ராஜா நல்லவன், வல்லவன், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மாற்றினேன். ஐந்தாவது ஆட்டம்வரை யார் பொறுப்பார்கள்? முதல் இரண்டிலேயே சுலபம் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பொதுவில் சொல்ல முடியாது. கூட்டாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கம்பெனி படுத்துவிடும். இங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அதையும் யோசி. வேண்டுமானால் நீ வா. உன் பழைய ராஜாவைத் திரும்ப வை. "புது மேம்பாடு" என்று வெளியிடுவோம், உன் பெயரை முதலில் போடுகிறேன். யாருக்கும் அவமானம் இல்லை.

உனக்கு வேண்டியது நியாயம் இல்லை, நான் ஊர் முன்னால் தலை குனிய வேண்டும். அதுதானே?

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நேற்று எழுதிவிட்டேன். ஆடுகிறவர்கள் கூடிப் பேசுகிற அந்த இணையப் பக்கத்திலேயே, என் பெயரில். உன்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன எழுதினேன், பிறகு என்ன மாற்றப்பட்டது, மாற்றச் சொன்னது யார், அவ்வளவுதான். நீ படித்திருப்பாய்.

ராஜாவின் திறமை தெரியாமல் செய்தாய், அவசரத்தில் செய்தாய் என்றுதான் உன் கடைசிக் கடிதம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டினாலும் உள்ளுக்குள் அந்த ஒரு சமாதானம் இருந்தது. "தெரிந்துதான்" என்று எழுதி அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

சோடாபுட்டி காலையில் கூப்பிட்டான். "மேடம், வேலை போனாலும் போகட்டும், எனக்கு அந்தப் பழைய ராஜாதான் வேணும்" என்றான். அவன் வேலைக்கு ஏதாவது வந்தால், அவனுக்கு வேறு இடம் நான் பார்த்துத் தருகிறேன். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் தூக்கம் இல்லை. ஆனாலும் எழுதியதை அழிக்க மாட்டேன். அலுவலகத்துக்கு வரவும் மாட்டேன்.

அம்மாவைப் பார்க்க இனி சேர்ந்து வர வேண்டாம். ஒரே கூடத்தில் உன்னோடு உட்கார்ந்து, டீ குடித்து, ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வராது. சனி, ஞாயிறு இரண்டில் உனக்கு எது வசதி என்று சொல். அம்மா கேட்டால், இரண்டு பேருக்கும் வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்வோம்.

அக்கா

*

ஏப்ரல் 9

ஞாயிறு எனக்கு. சனி நீ எடுத்துக்கொள்.

அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இடது பக்கம் உட்கார்ந்து பேசு.