ஞாயிறுவரை மொட்டு

மே 6, செவ்வாய்

மொட்டின் நுனியில் நிறம் எட்டிப் பார்த்துவிட்டது. சாம்பல் கலந்த ஊதா. விதையிலிருந்து நானே வளர்த்த ஐரிஸ் பூச்செடி. இதுதான் அதன் முதல் பூ. உள்ளே என்ன நிறமோ – யாருக்கும் தெரியாது, எனக்கும்.

மலர்க் கண்காட்சி ஞாயிறன்று. செடியிலேயே விட்டால் நாளை மறுநாள் விரிந்து, ஞாயிறுக்குள் கசங்கிய காகிதமாகிவிடும். தண்டோடு வெட்டினேன். கை கூசியது.

தண்ணீர்க் குடுவையோடு பிரிட்ஜில் வைத்தாயிற்று. ஆப்பிளையெல்லாம் வெளியே எடுத்தேன். பழத்தின் பக்கத்தில் பூ சீக்கிரம் வாடும். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "பூ உள்ள, சாப்பாடு வெளியவா? அடுத்து என்னையும் ஒரு தொட்டியில நட்டுடு."

மே 8, வியாழன்

தூங்குகிறது. நல்லது.

நல்லதுதானா? பார்க்கத் துடிப்பவனும் நான்தான், பார்க்கவிடாமல் தடுப்பவனும் நான்தான்.

மே 10, சனி

அக்கா காரோடு வந்துவிட்டாள். நாளை பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள். விரியாத பூவுக்கு மதிப்பெண் கிடையாது.

மே 11, ஞாயிறு

மொட்டைச் சுற்றி மெல்லிய தாளைச் சுருட்டி அணை கொடுத்தேன். காரில் குடுவை அம்மாவின் கால்களுக்கு நடுவே. இந்த ஊரில் மே மாதக் காலையும் குளிர்தான்; ஆனாலும் ஹீட்டர் போடக் கூடாதென்றேன், ஜன்னலையும் இறக்கிவிட்டேன். சால்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: "பூவுக்குச் சளி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்." அக்கா சிரித்த சிரிப்பில் திரும்பவேண்டிய தெருவைத் தவறவிட்டாள்.

அரங்கு. பக்கத்து மேசைகளில் எல்லாம் விரிந்து நிற்கின்றன. என்னுடையது இறுக மூடிக் கிடக்கிறது. அடித்தண்டை நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். அசையவில்லை. மடையன் நான் – திறக்கணும்னா சூடு வேணும்னு தெரியாதா? வழி முழுக்கக் குளிர வச்சுல்ல கூட்டிட்டு வந்தேன். நடுவர்கள் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

அம்மா தோளால் என்னை நகர்த்தினாள். மொட்டை இரு கைக்குள் பொத்தி, கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல, மெதுவாக, சூடாக ஊதினாள். நிறுத்தி, மறுபடி. நான் ஏதோ சொல்லப்போனேன். "சும்மா இரு. அது பயந்துடும்."

ஓர் இதழ் அசைந்தது. பிறகு வெளி இதழ்கள் மூன்றும் சேர்ந்து சரிந்தன. உள்ளே தேநீர் நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் மை சிந்தியதுபோல ஒரு நீலக் கீற்று. இப்படியொன்றை நான் நினைத்தே பார்த்ததில்லை.

"டேய், அழுறியா?" – அக்கா. இல்லை என்றேன்.

ஒரு நடுவர் கடந்துபோனார். நின்றார். திரும்பி வந்து, மற்றவரையும் கைகாட்டி அழைத்தார்.

இரண்டாம் பரிசு. தண்டு சற்று வளைந்திருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 13, செவ்வாய்

முதல் பூ சுருண்டுவிட்டது. அதே தண்டில் இன்னொரு மொட்டு இருந்தது. இன்று அதை நானே ஊதித் திறக்கவேண்டும் என்று எழுந்ததும் ஓடினேன். ஏற்கெனவே விரிந்திருந்தது. எதிரே அம்மா, கன்னத்தில் கைவைத்தபடி.

ஏன் என்னை எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"அது உன் பூ. இது என்னோடது."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.