ரியாக்ட் என்றே எழுதிவிட்டேன்

9-11-2025, ஞாயிறு, இரவு 9.40
குறிப்பு எண் 313: பயிற்சி விண்ணப்பம்

மறைந்த மகன் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியின் ரியாக்ட் கட்டமைப்பில் எழுதிய தினசரி காலண்டர், இன்றைய தேதியை 9-10-2025 என்று காட்டுகிறது. மாதங்களை அந்த மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணுமாம். சிவகாசி அச்சகத்தில் நாற்பது ஆண்டுகள் காலண்டர் பிழை திருத்திய என்னால் அதை அப்படியே விட இயலவில்லை.

மாலையில் கணினிப் பயிற்சி நிலையத்துக்கான விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை நிரப்புகையில் மருமகள் கேட்டாள்: "மாமா, வியூன்னு இதே மாதிரி இன்னொண்ணு இருக்காம், புதுசாப் படிக்கிறவுகளுக்கு அதுதான் லேசாம். நீங்க எதுக்கு ரியாக்டையே கட்டிக்கிட்டு அழுறீக?"

சொன்ன பிறகே ‘அழுறீக’ என்ற சொல் அவளுக்கு உறைத்தது. அடுப்படிக்குள் போய்விட்டாள். சற்றுக் கழித்து, மகன் தன் கையால் அந்தக் காலண்டர் நிரலின் கடவுச்சொல்லை எழுதிவைத்திருந்த தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள்.

பயிற்சி நிலையத்துக்கு எழுதிய கடிதத்துடன் இணைத்தவை: விண்ணப்பம் ஒன்று, புகைப்படம் இரண்டு. தாளை இணைக்கவில்லை. கடவுச்சொல்லை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு, தாளை அவளிடமே கொடுத்துவிட்டேன்.